தெரிந்தவர் கையால் வாங்கும் துவக்கு

கீழே சமையலறையில் இருக்கும் அம்மா, மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கும் மகனுக்கு எழுதுவது. சிரிக்காதே. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிற அளவுக்கு எனக்கு இன்னும் மூளை கழன்றுவிடவில்லை. நேரே கதைக்கத்தான் பார்த்தேன். நீ காதில் எதையோ செருகிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஓமம்மா" என்கிறாய். எங்கள் வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் அதே "ஓமம்மா"தான் வரும் போலிருக்கிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். எனக்கும் அதுதான் வேண்டும். ஓட்டமாக வாசிக்க விட்டால் உனக்குப் பிடித்த இடத்தை மட்டும் பொறுக்கிக்கொண்டு போய்விடுவாய். இன்றைக்கு எனக்கு வேலை இல்லை, அப்பாவும் வெளியே போய்விட்டார். ஆறுதலாக எழுதுகிறேன், நீயும் ஆறுதலாக வாசி.

வருகிற வியாழக்கிழமை உன் துவக்கு லைசென்ஸ் விஷயமாக, அதுதான் வேட்டைத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கொடுக்கிற விஷயமாக, அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வருகிறார். முதலில் உன்னை விசாரிப்பார். பிறகு உன்னை அப்பால் அனுப்பிவிட்டு, கூட இருக்கிறவள் என்ற முறையில் என்னைத் தனியாக விசாரிப்பார். இவன் கையில் துவக்கைக் கொடுக்கலாமா என்று கேட்பார். நான் சொல்லும் பதில் பிசகினால் லைசென்ஸ் பிந்தும். பிந்தினால், ஏப்ரலில் ஆண்மான்கள் கத்தும் வேட்டைக் காலத்துக்கு, நீ கட்டப்போகிற ஹேலியின் அப்பா கிரெக்கோடு மலைக்குப் போக ஏலாது. கிரெக்குக்கு இதுதான் கடைசித் தடவை, அடுத்த வருடம் அவருடைய கால் விடாது. உன் கலியாணத்துக்கு முன்னால் அவரோடு ஒருமுறை போகவேண்டும் என்று நீ எவ்வளவு ஆசைப்படுகிறாய் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் நேற்று படியில் நின்று, "அம்மா, நல்லதாச் சொல்லுங்கோ. கனக்கக் கதைக்காதேங்கோ" என்றாய். கனக்கக் கதைக்காதே என்று ஒருத்தர் சொன்னால், கதைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிரெக்கின் கராஜில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

என் குணம் உனக்குப் புதிதில்லை. பாலை மணந்து பார்க்காமல் தேத்தண்ணீர் ஊற்றமாட்டேன். மெக்கானிக் சிரித்தால் எனக்குப் பயம். வங்கியிலிருந்து நல்ல செய்தி வந்தால் அதை இரண்டு தரம் வாசிப்பேன். ஹேலி முதல்நாள் வீட்டுக்கு வந்து என் கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டபோது, இந்தப் பெட்டை எதற்கு இப்படி நடிக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டேன். "பசி எண்டு ஒண்டும் இருக்கு, தெரியுமோ உமக்கு?" என்றார் உன் அப்பா. ஹேலியை நான் சந்தேகித்ததெல்லாம் முடிந்துவிட்டது. பெரும்பாலும் முடிந்துவிட்டது.

அப்படிப்பட்டவளிடம் வந்து நீ போனை நீட்டினாய். மூன்று துவக்குகளின் படம். "அம்மா, எது வடிவு?" என்று கேட்டாய். துவக்கு என்ன சேலையா, வடிவு பார்க்க? ஒன்று, தோளில் அண்டுகிற கட்டை கறுப்புப் பிளாஸ்டிக்கில் செய்தது. ஒன்று வால்நட் மரக்கட்டை. மூன்றாவது, குறி பார்க்கிற ஸ்கோப், தோள்பட்டி, பை எல்லாம் சேர்த்து மலிவாகத் தருகிறார்களாம். நான்காவதாக ஒன்றும் உண்டு, அதற்குப் படமில்லை. கிரெக் தன் சொந்தத் துவக்கையே உனக்குத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் வந்ததும் உன் பெயருக்குப் பதிந்து தருவாராம். சும்மா. அந்த "சும்மா"தான் எனக்கு முதலில் குத்தியது. மருமகனுக்கு மாமன் கொடுப்பதை எங்கள் சனம் எந்தப் பெயரால் சொல்லும் என்று உனக்குத் தெரியும். சீதனமே வேண்டாம் என்று வாய் நிறையச் சொன்ன வீட்டுக்குச் சீதனமாகத் துவக்கு வருகிறதே என்று நினைத்தேன். அதோடு, நல்ல சாமானை யார் சும்மா தருவார்கள்? உள்ளே துருப்பிடித்ததை உன் தலையில் கட்டப் பார்க்கிறாரோ என்றும் நினைத்தேன். அதனால்தான் கடைக்கும் நானே வந்தேன், கராஜுக்கும் நானே வந்தேன்.

ஹென்டர்சன் பக்கத்துத் துவக்குக் கடையில் நின்ற அந்தத் தாடிக்காரப் பொடியனை முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. நாம் உள்ளே போனதும், நான் வழி தவறி வந்தவள் என்று நினைத்துப் பக்கத்து மருந்துக்கடைக்கு வழி காட்டப் பார்த்தான். தம்பி, என் மகனே, உனக்கு ஒன்று சொல்லவேண்டும். துவக்கை நான் இதுவரை குழல் என்னைப் பார்க்கிற பக்கத்திலிருந்து மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மன்னாரில் சோதனைச் சாவடிக்குச் சாவடி அப்படித்தான் பார்த்தேன். அதன் பின்பக்கம் எப்படி இருக்கும் என்று அந்தக் கடையில்தான் முதன்முதலாகக் கண்டேன். என்னையறியாமல் இரண்டு அடி பின்னால் போனேன். நீ கவனிக்கவில்லை, உன் கண்ணெல்லாம் சுவரில் மாட்டியிருந்தவற்றில் இருந்தது. என் பயம் தெரியக்கூடாது என்றுதான் அவனைக் கேள்வியால் குடைந்தேன்.

பொடியன் பதில் சொல்லத் தெரிந்தவன், அதை மறுக்கவில்லை. இந்த வகைத் துவக்கில் பக்கத்தில் ஒரு கைபிடி. அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் போல்ட் என்கிற பூட்டு திறக்கும், வெடித்த கோது வெளியே விழும். முன்னால் தள்ளி அமர்த்தினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் இதைக் கையால்தான் செய்யவேண்டும். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அமர்த்திக்கொண்டே இருந்தால் கொட்டிக்கொண்டே இருக்கும் சாமான் இல்லை, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் மனிதன் யோசிக்க ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த மூன்றாவது, எல்லாம் சேர்த்துத் தரும் மலிவுத் துவக்கைப் பற்றிக் கேட்டபோது, துவக்கு பரவாயில்லை, கூட வரும் ஸ்கோப்தான் முதல் மழையிலேயே உள்ளே ஈரம் படிந்து மங்கிவிடும் என்று அவனே சொன்னான். உடனே எனக்கு இன்னொரு சந்தேகம். ஒன்றைப் பற்றி உண்மை சொல்லி, விலை கூடிய மற்றதை விற்கிற தந்திரமாக இருக்குமோ? ஆனால் சேர்த்துத் தருகிற சாமானில் ஒன்று சொத்தையாக இருக்கும் என்பது எனக்கு முதலே தெரியும். கட்டிலோடு சும்மா வந்த மெத்தையில் படுத்து இன்றைக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள் நான்.

அவன் காட்டியவற்றில் சிலதை எழுதி வைக்கிறேன், நீ அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு நின்றதால் பாதி உன் காதில் ஏறியிருக்காது. ஒரு கடதாசித் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து, முன்னிருந்து பின்னுக்கு இழுத்துக் காட்டினான். தடையில்லாமல் போகவேண்டும். குழல் கட்டையில் முட்டினால், வெயிலில் ஒரு மாதிரியும் ஈரத்தில் ஒரு மாதிரியும் சுடும். பிளாஸ்டிக் கட்டை ஈரத்தில் ஊதாது. மரம் பார்க்க நல்லது, ஆனால் கவனிக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திற. கழுத்தை நீட்டாமல், கன்னத்தைத் தூக்காமல் ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் அது உன் உடம்புக்கு ஏற்றது. மலைக்குக் கொண்டுபோக லேசானது நல்லது என்று நீ ஆசைப்பட்டாய். லேசானது தோளை இடிக்கும், இடிக்குப் பயந்தவன் கண்ணை மூடிக்கொண்டு சுடுவான் என்று அவன் சொன்னதை மறவாதே. விசை தொட்டதும் போகிற மாதிரி மெல்லியதாக வேண்டாம், தெளிவாக ஒரு இடத்தில் விட்டால் போதும். சேஃப்டி போட்டிருக்கும்போதே போல்ட்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்க முடியுமா என்று பார். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறேன். ஸ்கோப்பால் தேடாதே, தேடுவதற்குத் தனியாக ஒரு பைனாகுலர் வாங்கு என்றும் சொன்னான். ஸ்கோப்பால் பார்க்கிறவன் பார்க்கிற எல்லாவற்றுக்கும் குழலை நீட்டிக்கொண்டல்லவா நிற்கிறான்? துவக்கின் விலையில் கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை, பைனாகுலரில் இறங்காதே.

அன்றைக்கு நான் கவனித்த இன்னொன்று. அந்தப் பொடியன் சுவரிலிருந்து எடுத்த ஒவ்வொரு துவக்கையும் போல்ட்டைத் திறந்து, உள்ளே பார்த்து, பிறகுதான் உன்னிடம் நீட்டினான். நீயும் வாங்கியதும் குனிந்து உள்ளே பார்த்தாய். திருப்பிக் கொடுத்ததும் அவன் மறுபடி பார்த்தான். தன் கடையில், தன் சுவரில் இருந்த, இப்போதுதான் தானே பார்த்த துவக்கை. நான் இதை நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் முகத்துக்கு நேரே சந்தேகிக்கிறீர்கள், ஒருவருக்கும் முகம் சுளிக்கவில்லை. பாதுகாப்பு வகுப்பில் படித்ததைப் பிள்ளை மறக்கவில்லை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. காரில் வரும்போது அதைச் சொல்லவில்லை. சொன்னால் உனக்குத் தலைக்கனம் வந்துவிடும்.

அதற்கடுத்த ஞாயிறு கிரெக்கின் வீட்டுக்குப் போனோம். அவர் காலை இழுத்து இழுத்துக் கராஜுக்கு நடந்தார். அந்தக் காலைப் பற்றியும் என்னிடம் ஒரு சந்தேகம் இருந்தது, குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் விழுந்தவர் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். இரும்புப் பெட்டியைத் திறந்து துவக்கை எடுத்தார். மரக்கட்டை, கை பட்டுப் பட்டு மினுங்கியது. போல்ட்டை இழுத்தார், ஒரு சத்தம் இல்லை. உள்ளே பார்த்தார். சின்ன விரலை விட்டுத் தடவியும் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டினார். நீ எவ்வளவு பணிவாக வாங்கினாய் தெரியுமா? கோயிலில் பாதர் கையால் நற்கருணை வாங்கும்போதுகூட நீ அப்படிக் குனிந்ததில்லை. வாங்கிய கையோடு போல்ட்டை முன்னால் தள்ளி அமர்த்தி, தோளில் வைத்து, யன்னல் பக்கம் திருப்பினாய். உள்ளே பார்க்கவில்லை.

"கீழே இறக்கு," என்றார் கிரெக். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். சத்தம் போடவில்லை, ஆனால் ஹேலி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள். துவக்கை உன் கையிலிருந்து வாங்கினார்.

"உள்ளே என்ன இருந்தது?"

"ஒன்றும் இல்லை. நீங்கள் பார்த்தீர்களே."

"நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை."

"நீங்கள் பார்த்த பிறகு நான் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்," என்றாய் நீ. உன் முகம் காதுவரை சிவந்துவிட்டது. கிரெக்குக்கு அந்தப் பதில் விளங்கவே இல்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

விளங்கியும் எனக்குக் கோபம் அவர்மேல்தான் வந்தது. கலியாணம் பேசிய வீட்டில், பெண்ணுக்கு முன்னால், என் பிள்ளையைச் சின்னப் பொடியனைப் போல் நிறுத்திவிட்டாரே என்று எனக்குள் கொதித்தது. சிரித்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது தேத்தண்ணீர் வேண்டாம் என்றேன். வாசலில் ஹேலியின் கன்னத்தைத் தட்டினேன். கார் மோட்டர்வேயில் ஏறியதும்தான் வாயைத் திறந்தேன். "அந்தாளுக்கு என்ன, பெரிய சண்டியன் எண்ட நினைப்போ? தன்ர கையால தந்ததைத் தானே நம்பாத மனிசன்." அப்போது நீ ரோட்டைப் பார்த்தபடி சொன்னாய், "இல்லை அம்மா, ஹி இஸ் ரைட்." சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டி வைத்தாய்.

அன்றிரவு படுக்கையில் உன் பதில் எனக்குத் திரும்பத் திரும்பக் கேட்டது. நீங்கள் பார்த்த பிறகு நான் பார்ப்பது மரியாதை இல்லை. அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பிளாட் புஷ்ஷில் மாமி வீட்டுச் சாப்பாட்டை நினைத்துப் பார். உனக்கு எட்டோ ஒன்பதோ வயது. மாமி தன் கையாலேயே உன் தட்டில் மீன் போட்டாள். "மாமி, இதுக்குள்ள முள்ளு இருக்கோ?" என்று நீ கேட்டாய். நான் மேசைக்குக் கீழே உன் தொடையைக் கிள்ளினேன். "மாமி பாத்துத்தான் தந்திருப்பா, பேசாமல் சாப்பிடு." நீ பேசாமல் சாப்பிட்டாய். பிறகு வெறுஞ் சோற்றை உருட்டி உருட்டி விழுங்க வைத்து, வாழைப்பழம் கொடுத்து, ஒன்றுக்கும் அசையாமல், கடைசியில் டொக்டர்தான் உன் தொண்டையிலிருந்து அந்த முள்ளை எடுத்தார். திரும்பி வரும்போது காரில் நான் மாமியைக் கிழி கிழி என்று கிழித்தேன். கண் தெரியாதவள், கவனமில்லாதவள், வேண்டுமென்றே போட்டாளோ என்றுகூடச் சொன்னேன். அவள் முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவள் கேட்டபோது, "சீச்சீ, அது ஒண்டுமில்லை மச்சாள்" என்றேன்.

நம்முடைய வழக்கம் இதுதான், தம்பி. கடைக்காரனை முகத்துக்கு நேரே சந்தேகிப்போம். சொந்தக்காரரைக் காருக்குள் ஏறியபிறகு சந்தேகிப்போம். அவர் இருக்கும்போது வாயை மூடிக்கொண்டு விழுங்குவோம். உனக்குப் பெரியவர்களிடம் பணிவு இருக்கிறது என்று எல்லாரும் என்னிடம் சொல்வார்கள், நானும் பூரித்துப் போவேன். தாடிக்காரப் பொடியன் தந்ததைத் திறந்து பார்த்த நீ, மாமனார் தந்ததைத் திறந்து பார்க்கவில்லை. படித்தது தெரியாமல் இல்லை. என் விரல் இன்னும் உன் தொடையைக் கிள்ளிக்கொண்டிருக்கிறது.

பிறகு ஹேலி வந்தாள், நீ வேலையில் இருந்த ஒரு பின்னேரம். நான் கேட்க நினைத்ததை அவளிடம் கேட்டுவிட்டேன். "உன் அப்பாவின் காலுக்கு என்ன நடந்தது?" அவள் சொன்னதை நீ இதற்குள் கேட்டிருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன். மலையில் ஒரு குடிசையில் கிரெக்கும் இரண்டு நண்பர்களும் தங்கியிருந்தார்களாம். ஒருவர் துவக்கை மற்றவரிடம் கொடுத்து, காலியாகத்தான் இருக்கிறது, மாட்டிவிடு என்றாராம். வாங்கியவர் அப்படியே மாட்டப் போனார். கிரெக் வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார், துவக்கு வெடித்துக் குண்டு அவர் காலில் பாய்ந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போக விடிந்துவிட்டது. "கொடுத்தவர் ஏன் பொய் சொன்னார்?" என்று கேட்டேன். என் புத்தி அப்படித்தானே போகும். ஹேலி என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "பொய் சொல்லவில்லை ஆன்ட்டி. காலி என்று அவர் நம்பினார். வாங்கினவர் அவரை நம்பினார். அவர்கள் இருவரும் அப்பாவின் மிக நல்ல நண்பர்கள், இன்றைக்கும்தான்." பிறகு, "கெட்டவர்கள் யாருமே அந்தக் குடிசையில் இல்லை" என்றாள்.

தம்பி, என் வாழ்க்கை முழுவதும் நான் கெட்டவர்களைத்தான் தேடியிருக்கிறேன். யார் ஏமாற்றுகிறான், யார் தலையில் கட்டுகிறான், யார் சிரிப்புக்குப் பின்னால் என்ன என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நல்லவர் கையிலிருந்து நல்லவர் வாங்கி, நடுவில் ஒருவர் கால் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. அதைக் கேட்டபின் அந்த மனிதர் மேலிருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கு அவரை நினைக்க அழுகை வந்தது. தன் மகளைக் கட்டப் போகிறவன் தன்னை நம்பிவிட்டான் என்று அல்லவா அவர் பயந்திருக்கிறார்.

அதனால் எந்தத் துவக்கு என்று கேட்டாயே, என் பதில் கிரெக்கின் துவக்கு. தாடிக்காரப் பொடியன் சொன்ன எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறேன். உன் தோளுக்கு அது பொருந்தியதை நான் பார்த்தேன், கழுத்தை நீட்டாமல்தான் நின்றாய். பாரமும் இருக்கிறது. போல்ட் ஓடுகிற ஓட்டம் கடையில் இருந்த ஒன்றிலும் இல்லை. ஆனால் மரம் பழையது, குழலுக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. ஆகவே கிரெக்கிடம் போய், இதை எடுக்கமுதல் துவக்குத் திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோய்க் குழலையும் பூட்டையும் சோதிக்கவேண்டும், நீங்களும் வாருங்கள் என்று நேரே சொல். கடதாசித் துண்டை அவருக்கு முன்னாலேயே நுழைத்துப் பார். அவர் கோபிக்கமாட்டார். கோபித்தால், அவரைப் பற்றி நான் நினைத்தது பிழை என்று எடுத்துக்கொண்டு கறுப்புக் கட்டைத் துவக்கை வாங்கு. சீதனக் கதையை நான் பார்த்துக்கொள்கிறேன், மாமனும் மருமகனும் அதில் மண்டையை உடைக்கவேண்டாம்.

இனி வியாழக்கிழமை. அந்தப் பெண் வருவதைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இருந்தது. அரசாங்கம் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்டால், எனக்கு ஒன்றும் தெரியாது, என் பிள்ளை ஒன்றும் செய்யவில்லை, அவன் வீட்டில் இல்லை என்று சொல்லத்தான் என் வாய்க்குத் தெரியும். அந்தப் பதிலை நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன், என் தம்பிமாருக்காக. இந்த முறையும் நாக்கு அதற்குத்தான் போகும். நீயும் அதைத்தானே கேட்டாய், நல்லதாகச் சொல்லுங்கள் என்று. ஆனால் இரண்டு நாளாக ஒன்றை யோசிக்கிறேன். எங்கள் காலத்தில் எத்தனை பிள்ளைகளின் கைக்குத் துவக்குப் போனது. எந்தப் பக்கத்தாரும் ஒரு தாயின் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து, உங்கள் பிள்ளையிடம் இதைக் கொடுக்கலாமா என்று கேட்டதில்லை. ஒருவரும் கேட்கவில்லை, தம்பி. என் அம்மாவிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இங்கே என்னிடம் கேட்கிறார்கள். கேட்கிற ஒரே ஒரு தரத்தில் நான் பொய் சொல்லமாட்டேன்.

கராஜில் நடந்ததைச் சொல்லப் போகிறேன். நீ திறந்து பார்க்கவில்லை என்று சொல்வேன். ஏன் பார்க்கவில்லை என்றும், அதை உனக்குப் பழக்கியவள் நான்தான் என்றும் சொல்வேன். கிரெக் சரி என்று காரில் நீ சொன்னதையும் சேர்த்துச் சொல்வேன். அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் லைசென்ஸ் தருவாரோ, பிந்துமோ, எனக்குத் தெரியாது. பிந்தினால் நீ என்னோடு கதைக்காமல் திரிவாய். ஏப்ரல் போய்விடும், கிரெக்கின் கால் இன்னொரு வருடம் காத்திருக்காது. அது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்து என்னோடு கோபித்துக்கொண்டு திரி. அதை நான் தாங்குவேன்.

லைசென்ஸ் இந்த வருடம் வந்தாலும் அடுத்த வருடம் வந்தாலும், உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். கிரெக் தந்தால் திறந்து பார். ஹேலி தந்தால் திறந்து பார். உன் அப்பா தந்தால் கட்டாயம் திறந்து பார், அந்த மனிதன் அடுப்பை அணைத்தேன் என்று சொன்னாலே நம்ப ஏலாது. நாளைக்கு ஒருநாள் நானே என் கையால் எடுத்துத் தந்து, "ஒண்டும் இல்லை ராசா, அம்மா வடிவாப் பாத்திட்டன்" என்று சொன்னால், என்னை நம்பாதே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே திறந்து பார். நான் கோபிக்கமாட்டேன்.